ஐசி எத்தனை வகை? 74எல்எஸ் இருந்த இடத்துல 74ஹெச்சி போடலாமா?

ஒரு நேயர் ரெண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டிருக்காங்க. "ஒரு புத்தகத்துல ஐசி ரெண்டு வகைன்னு இருக்கு, இன்னொண்ணுல நாலு வகைன்னு இருக்கு. எது சரி? அப்புறம், போர்டுல 74எல்எஸ்04 (சிக்னலைத் தலைகீழா மாத்தற இன்வெர்ட்டர் ஐசி) போயிடுச்சு. கைவசம் இருந்த 74ஹெச்சி04-ஐப் போட்டேன். ஒரு நேரம் ஓடுது, ஒரு நேரம் ஓடலை. ஏன்?"

ரெண்டு புத்தகமும் சரிதாங்க. எதை வச்சுப் பிரிக்கிறோமோ அதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். செய்யற வேலையை வச்சுப் பார்த்தா அனலாக், டிஜிட்டல், ரெண்டும் கலந்தது. செஞ்ச முறையை வச்சுப் பார்த்தா, மொத்த சர்க்யூட்டும் ஒரே சிலிக்கான் துண்டுல இருந்தா மோனோலித்திக். தனித்தனி சிப், ரெசிஸ்டர் எல்லாத்தையும் ஒரு தகட்டு மேல சேர்த்திருந்தா ஹைபிரிட். பழைய ஆம்ப்ளிஃபையர்ல முதுகுல அலுமினியத் தகடோட பெருசா ஒரு எஸ்டிகே ஐசி இருக்கும் பாருங்க, அது ஹைபிரிட்தான். உள்ளே இருக்கிற கேட் (லாஜிக் வேலை செய்யற சின்ன சர்க்யூட்) கணக்குல, சுமார் 10 வரைக்கும் எஸ்எஸ்ஐ (சின்ன அளவு), 100 வரைக்கும் எம்எஸ்ஐ (நடுத்தர அளவு), 10,000 வரைக்கும் எல்எஸ்ஐ (பெரிய அளவு), அதுக்கு மேல விஎல்எஸ்ஐ (மிகப் பெரிய அளவு). இந்த எல்லை புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பரீட்சைக்கு உங்க பாடப்புத்தகத்துல உள்ளதை எழுதுங்க. ரிப்பேர்ல இந்தக் கணக்குக்கு வேலையே இல்லை.

ரிப்பேர்ல உங்களைக் காப்பாத்தறது வேற ஒரு பிரிவு: உள்ளே இருக்கிற டிரான்சிஸ்டர் கரன்ட்டால இயங்கற பைபோலாரா, வோல்டேஜால இயங்கற சிமாஸா? 555 டைமர் ஐசியையே எடுத்துக்கோங்க. என்இ555 பைபோலார். குறைஞ்சது 4.5 வோல்ட் வேணும், அவுட்புட் 200 மில்லிஆம்ப் வரைக்கும் தாங்கும். டிஎல்சி555 சிமாஸ். 2 வோல்ட்லயே ஓடும், ஆனா அவுட்புட் ஹையில (வோல்ட் ஏறின நிலையில) இருக்கும்போது 10 மில்லிஆம்ப் அளவுதான் கொடுக்கும். பின் வரிசை ஒண்ணுதானேன்னு மாத்திப் போட்டா, அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல இருக்கிற ரிலே இழுக்காது.

உங்க 04-லயும் இதே கதைதான். எல்எஸ் பைபோலார், ஹெச்சி சிமாஸ். எல்எஸ் அவுட்புட் ஹைன்னா 2.7 வோல்ட்டுக்குத்தான் உத்தரவாதம். 5 வோல்ட் சப்ளையில ஹெச்சி இன்புட் அதை ஹைன்னு நிச்சயமா எடுத்துக்கணும்னா 3.5 வோல்ட் வேணும். இடையில 0.8 வோல்ட் இடிக்குது. அப்புறம் எப்படி சில நேரம் ஓடுதுன்னா, ஹெச்சி சிப் பெரும்பாலும் சப்ளையில பாதி, அதாவது 2.5 வோல்ட் பக்கத்துலயே மாறிடும். லோடு கூடினாலோ, சப்ளையில கொஞ்சம் இரைச்சல் வந்தாலோ தடுமாற ஆரம்பிச்சிடும். எப்பவாவது மட்டும் வர்ற கோளாறு பெரும்பாலும் இந்த மாதிரி விளிம்புல நிக்கிறதுதான்.

உறுதி பண்ணிக்க, சிக்னலை ஹையில நிறுத்தி வச்சு, 7-ஆவது பின்னை கிரவுண்டா வச்சு இன்புட் பின்னை மீட்டர்ல பாருங்க. 04-ல இன்புட் பின் 1, 3, 5, 9, 11, 13. அங்கே 3.5-க்குக் கீழே காட்டினா இதுதான் கோளாறு. சிக்னல் ஓடிக்கிட்டு இருக்கும்போது மீட்டர் சராசரியைத்தான் காட்டும், அதை நம்பாதீங்க. அதுக்கு ஸ்கோப் (சிக்னலோட அலையைப் படமாக் காட்டற கருவி) வேணும்.

சரி பண்ண 74ஹெச்சிடி04 போடுங்க. அதுவும் சிமாஸ்தான், ஆனா இன்புட்டை எல்எஸ்-க்கு ஏத்த மாதிரி 2 வோல்ட்லயே ஹைன்னு எடுத்துக்கும். சப்ளை மட்டும் 4.5-லருந்து 5.5 வோல்ட்டுக்குள்ள இருக்கணும், 3.3 வோல்ட் போர்டுல போடாதீங்க. ஹெச்சிடி கிடைக்கலைன்னா, இன்புட் தர்ற எல்எஸ் அவுட்புட்லருந்து 5 வோல்ட்டுக்கு 2.2 கிலோஓம் புல்-அப் (வோல்ட்டை மேல இழுத்துப் பிடிக்கிற) ரெசிஸ்டர் ஒண்ணு போட்டாப் போதும்.

வாங்கும்போது நம்பருக்குப் பின்னாடி வர்ற எழுத்தையும் பாருங்க. எஸ்என்74ஹெச்சிடி04என்-னா பின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர் உள்ள டிப், சாக்கெட்ல உட்காரும். கடைசி எழுத்து டி-ன்னா 1.27 மில்லிமீட்டர் எஸ்ஓஐசி, போர்டு மேலயே சால்டர் பண்றது.

இன்னொண்ணு. எல்எஸ்-ல சும்மா விட்ட இன்புட் ஹை மாதிரி நடந்துக்கும், அதனால பழைய போர்டுகள்ல அப்படியே விட்டிருப்பாங்க. சிமாஸ்ல அது மிதந்துக்கிட்டே இருக்கும், கரன்ட் ஏறும், சிப் சூடாகும். 04-ல ஆறு இன்வெர்ட்டர் இருக்கு. நீங்க பயன்படுத்தாத ஒவ்வொரு இன்புட்டையும் கிரவுண்டுலயோ 5 வோல்ட்லயோ கட்டிடுங்க. அவுட்புட்டை மட்டும் எதோடயும் கட்டாம விடுங்க.