புரோட்டானின் ஆரம்: பூஜ்யத்தை நெருங்கிப் போன சோதனை

வணக்கம் நண்பர்களே. இன்று பேசப் போவது புரோட்டானின் ஆரத்தை அளந்த, நான் மிகவும் வியக்கும் பிராட் என்ற சோதனையைப் பற்றி.

எலக்ட்ரான்களைப் புரோட்டான் மீது ஏவி, அவை சிதறும் விதத்திலிருந்து அதன் அளவைக் கணிக்கும் வழியை 1950களில் ஸ்டான்ஃபோர்டில் திறந்தவர் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர். அதற்காக 1961இல் நோபல் பரிசும் பெற்றார். அதே வழியில் ஜெர்மனியின் மைன்ஸ் குழு 2010இல் கண்ட ஆரம் 0.879 ஃபெம்டோமீட்டர் (ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). ஆனால் அதே ஆண்டில், எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 200 மடங்கு கனமான மியூவான் என்ற துகள் எலக்ட்ரானுக்குப் பதிலாகச் சுற்றும் ஹைட்ரஜனை சுவிட்சர்லாந்தில் லேசரால் ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்தது 0.842. ஒரே புரோட்டானுக்கு இரண்டு அளவா? இயற்பியலாளர்களின் தூக்கம் கெட்டது.

எலக்ட்ரான் கைமாற்றும் உந்தத்துக்கு ஏற்பச் சிதறல் எப்படி மாறுகிறது என்பதை ஒரு கோடாக வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆரத்தை யாரும் நேரடியாக அளப்பதில்லை. எலக்ட்ரான் புரோட்டானுக்குக் கைமாற்றும் உந்தம் பூஜ்யமாகும் புள்ளியில் இந்தக் கோடு எவ்வளவு சரிகிறது என்பதிலிருந்துதான் ஆரம் கிடைக்கிறது. அந்தப் புள்ளியிலோ எலக்ட்ரான் சிதறுவதே இல்லை! அதனால் எட்டும்வரை அளந்துவிட்டு, மிச்சத்துக்குக் கோட்டை நீட்டிப் பார்க்கிறார்கள். நீட்டும் தூரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நம்பலாம்.

அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் 2016இல் நடந்த பிராட் சோதனை, ஏறத்தாழ 0.7 டிகிரி வரை சிறிய கோணங்களில் சிதறிய எலக்ட்ரான்களைப் பிடித்தது. கோணம் சிறிதானால் கைமாறும் உந்தமும் பூஜ்யத்தை நெருங்கும். சிதறிய எலக்ட்ரான்களைக் காந்தத்தால் வளைத்து அளக்கும் காந்த நிறமாலைமானியை ஒவ்வொரு கோணத்துக்கும் நகர்த்தும் பழைய முறையைக் கைவிட்டு, எல்லாக் கோணங்களையும் ஒரே சமயத்தில் பார்க்கும் கலோரிமீட்டரை, அதாவது துகள்களின் ஆற்றலை அளக்கும் கருவியை, வைத்தார்கள். வழக்கமாக ஹைட்ரஜன் வாயுவை அடைத்து வைக்கும் மெல்லிய தகடுகளும் எலக்ட்ரான்களைச் சிதறடித்துக் கணக்கைக் குழப்பும். இங்கே எலக்ட்ரான் கற்றை செல்லும் பாதையில் தகடே இல்லை. வாயு ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். வாயுவில் உள்ள எலக்ட்ரான்கள் மீதும் கற்றை மோதுகிறது அல்லவா? எலக்ட்ரானும் எலக்ட்ரானும் எப்படிச் சிதறும் என்பதைக் கோட்பாடு மிகத் துல்லியமாகச் சொல்லிவிடும். அதையும் அதே கருவியில், அதே நேரத்தில் எண்ணி, புரோட்டான் சிதறலை அதனால் வகுத்தார்கள். எத்தனை எலக்ட்ரான் வந்தது, எவ்வளவு வாயு இருந்தது என்ற இரண்டு கவலைகளும் அடிபட்டுப் போயின. என்ன அழகான யோசனை!

2019இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வந்தது: 0.831 ஃபெம்டோமீட்டர். மியூவான் சொன்ன சிறிய அளவின் பக்கமே எலக்ட்ரானும் நின்றது. ஆனாலும் மைன்ஸ் தரவு ஏன் விலகுகிறது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விடை இல்லை. அடுத்த காணொளியில், மியூவானையே புரோட்டான் மீது சிதறவிடும் மியூஸ் சோதனையைப் பார்க்கலாம்.