மழைத்துளியில் ல, ள, ழ: தொடக்க வகுப்பில் பருவகாலக் கைவேலை

வணக்கம் நேயர்களே. தொடக்க வகுப்பு ஆசிரியர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் உள்ள பெற்றோர், இரு தரப்பாருக்கும் உதவும் ஒன்றைப் பேச வந்திருக்கிறேன். பருவகாலக் கைவேலையையும் எழுத்துப் பயிற்சியையும் ஒரே வேலையாக்குவது எப்படி? படம் போட்டுக் காட்டினால்தான் விளங்கும் என்பவற்றை விட்டுவிடுகிறேன். காதால் கேட்டே செய்யக்கூடியவை மட்டும் சொல்கிறேன்.

மழைக்காலம் வந்தால் ஆசிரியர் முந்தின நாளே உட்கார்ந்து முப்பது காகிதக் குடை வெட்டி வைத்துவிடுவார். பிள்ளைகள் ஒட்டுவார்கள். முப்பதும் ஒன்றுபோலச் சுவரில் தொங்கும். பார்க்க அழகுதான். ஆனால் அந்த நேரத்தில் ஒரு பிள்ளை என்ன பேசியது, என்ன படித்தது? தானாக முடிவெடுக்க ஒன்றுமில்லாத வேலையில் பேசவும் ஒன்றுமிருக்காது. செய்த பொருளைப் பற்றி இன்னொருவருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்ற தேவை வரட்டும், எழுத்து தானாக வரும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இலை. இலை உதிரும் காலத்தில் எல்லாரும் செய்வது இலைப் பதிவு. நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கம் மேலே தெரியும்படி இலையை வைத்து, மேலே மெல்லிய தாளைப் போட வேண்டும். நகல் எடுக்கும் சாதாரணத் தாள் போதும். சார்ட் தாள் வேண்டாம், அந்தத் தடிமனில் நரம்பு பதியாது. கிரேயானின் காகித உறையை உரித்துவிட்டு, படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். நுனியால் தேய்த்தால் வெறும் கோடுகள்தான் வரும். தேய்க்கும்போது இலை நகர்ந்தால் உருவம் இரட்டையாகிவிடும். அதனால் காம்பில் ஒரு சொட்டுப் பசை வைத்து அடித்தாளில் ஒட்டிவிடுங்கள். காய்ந்த சருகு நொறுங்கும், அப்போதே பறித்த சதைப்பற்றுள்ள இலை தாளை நனைக்கும். வாடாமல் விழுந்த இலையை ஒரு நாள் புத்தகத்துக்குள் வைத்து எடுத்தால் சரியாக இருக்கும். பால் வடியும் செடி எதுவும் வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து.

இனிதான் முக்கியமான இடம். ஒவ்வொரு பிள்ளையும் தன் இலையைப் பற்றி மூன்று குறிப்பு எழுத வேண்டும். பதிவுகளைப் பலகையில் மாட்டிவிட்டு, குறிப்பைப் படித்து எந்த இலை என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். இதில் எல்லாரும் தவறவிடுவது ஒன்று உண்டு. வேறு வேறு மரத்து இலைகளைக் கொடுத்தால் "பெரிய இலை" என்ற ஒரே குறிப்பில் ஆட்டம் முடிந்துவிடும். ஐந்தாறு பேர் கொண்ட குழுவுக்கு ஒரே மரத்து இலைகளைக் கொடுங்கள். அப்போதுதான் பிள்ளை உற்றுப் பார்க்கும். "காம்புக்குப் பக்கத்தில் பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறது", "நடு நரம்பு நுனியில் வலப்பக்கம் வளைகிறது" என்றெல்லாம் எழுதும். இலைகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க ஒத்திருக்க வாக்கியம் நீளும்.

அடுத்தது மழை. என் மனசுக்கு மிகவும் பிடித்தது இதுதான். பருவத்தைச் சொல்லும் சொற்களைக் கொஞ்சம் அடுக்கிப் பாருங்கள். மழை, நிழல், தூறல், சாரல், துளி, குளிர், வெள்ளம், தளிர், வெயில். பிள்ளைகள் தடுமாறும் ல, ள, ழ மூன்றும் இதிலேயே வந்துவிட்டன. தூறலில் வல்லின ற, சாரலில் இடையின ர. பயிற்சி ஏட்டில் தனியாக எழுதிப் பழக வேண்டியதில்லை, வானமே பாடம் கொண்டுவருகிறது.

துளி வடிவில் அட்டை வெட்டச் சொல்லுங்கள். அட்டை உள்ளங்கை அளவாவது இருக்க வேண்டும், எழுத்து மூன்று செ.மீ. உயரம் இருந்தால்தான் பின்வரிசைக்குத் தெரியும். சொல்லைக் கறுப்பில் எழுதிவிட்டு ல, ள, ழ மூன்றுக்கு மட்டும் மூன்று நிறம் கொடுங்கள். முழுச் சொல்லுக்கும் நிறம் தீட்டினால் பயனில்லை, எந்த இடத்தில் கவனிக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியாது. வாரத்துக்கு ஆறு சொல் போதும். முப்பது சொல்லை ஒரே நாளில் தொங்கவிட்டால் அது அலங்காரம், யாரும் படிக்க மாட்டார்கள். அட்டையைக் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். எழுதும்போது பிள்ளை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், கழற்றிக்கொண்டு வந்தாலும் தடுக்காதீர்கள்.

அடுத்து மழைமானி. பக்கம் நேராக இருக்கும் பிளாஸ்டிக் புட்டி ஒன்று வேண்டும், இடுப்பு ஒடுங்கியது உதவாது. கழுத்துப் பகுதி குறுகத் தொடங்கும் இடத்தில் பெரியவர்கள் வெட்டி, விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள். வெட்டிய மேல்பகுதியை மூடியில்லாமல் தலைகீழாக உள்ளே செருகினால் புனல் தயார். அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருக்குமே, அங்கேதான் அளவு கெடும். அடியில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கி நேர்ப்பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறியுங்கள். கல் புட்டியைச் சாயாமலும் வைத்திருக்கும். மரத்தடியும் கூரையோரமும் கூடாது, திறந்த வெளியில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில், கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்ததும் தண்ணீரைச் சுழியக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வெயில் நாளில் தண்ணீர் ஆவியாகி அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடும், ஊற்றிச் சரிசெய்ய மறக்கக் கூடாது.

இப்போது கைவேலை. 12 மி.மீ. மழை என்றால் 12 மி.மீ. உயரத்துக்கே நீலக் காகிதப் பட்டை வெட்டி ஒட்ட வேண்டும். பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்தால் அதுவே வரைபடம். பட்டைக்குக் கீழே தேதியும் ஒரு வாக்கியமும். "இன்று மழை பெய்தது" என்று எழுதக் கூடாது என்று விதி வையுங்கள். அதைப் பட்டையே சொல்லிவிட்டதே! கேட்டது, மணந்தது, நனைந்தது, அதை எழுதட்டும். மழையில்லாத நாளும் 0 என்று பதிவாக வேண்டும். முதல் வகுப்புக்கு ஒரு சொல்லும் படமும் போதும். ஐந்தாம் வகுப்பு என்றால் வாரத்தின் இரண்டு நாட்களை ஒப்பிட்டு எழுதலாம். கூடவே இதையும் சொல்லிக்கொடுங்கள்: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்பது சரியாக 1 லிட்டர் தண்ணீர்.

இதற்கான ஏட்டையும் பிள்ளைகளே தைக்கலாம். நான்கு ஏ4 தாளை ஒன்றாகப் பாதியாக மடித்தால் 16 பக்கம். மடிப்பில் நடுவே ஒன்று, இரு ஓரத்திலிருந்தும் மூன்று செ.மீ. தள்ளி ஒவ்வொன்று என மூன்று துளை. 50 செ.மீ. நூல். உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே போய், மேல்துளையில் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேறி, மீண்டும் நடுத்துளையில் உள்ளே வர வேண்டும். உள்ளே நீளமாக ஓடும் நூலுக்கு இருபுறமும் ஒவ்வொரு முனை இருக்கும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள். இரு முனையும் ஒரே பக்கம் இருந்தால் தையல் தளர்ந்துவிடும்.

காற்றுக்காலத்துக்குக் காற்றாடி. 15 செ.மீ. சதுரம், நான்கு மூலையிலிருந்தும் மையத்தை நோக்கி வெட்டு, மையத்துக்கு இரண்டு செ.மீ. முன்னால் நிறுத்து. எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு குழு செய்து, செய்முறையை எழுதட்டும். இன்னொரு குழு வாய் திறந்து கேட்காமல் அந்தத் தாளை மட்டும் படித்துச் செய்யட்டும். "முன்னால் நிறுத்து" என்பதை எழுதாமல் விட்டால் காகிதம் நான்கு துண்டாகும். "ஒன்று விட்டு ஒரு முனையை மடி" என்பதை விட்டால் சுற்றாது. எழுதிய குழு தானே ஓடிவந்து திருத்தும். சிவப்பு மையால் ஆசிரியர் சுழிக்க வேண்டிய அவசியமே இல்லை. குச்சிக்கும் காகிதத்துக்கும் இடையில் ஒரு மணி கோக்க மறக்காதீர்கள், உரசினால் நின்றுவிடும்.

கடிகாரம் நெருக்குகிறது, வெயில்கால நிழல் ஓவியத்தை விரிவாகச் சொல்ல வழியில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே பிள்ளை, ஒரே பாதத் தடம், காலை, உச்சி, மாலை என மூன்று வேளை, மூன்று நிறச் சுண்ணக்கட்டி. ஒவ்வொரு முறை வெளியே போகும் முன்பும் நிழல் எங்கே விழும், எவ்வளவு நீளம் இருக்கும் என்று எழுதிவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.