ஜெனரேட்டர் மேடையில் 25 நிமிடம்

அனைவருக்கும் வணக்கம். கிறிஸ்தவ பங்க் (வேகமும் முரட்டுத்தனமுமான ராக் இசை) இசைவிழாவுக்கு நண்பர்களோடு போக வேண்டும், கேட்பதோடு நிற்காமல் அங்கே வாசிக்கவும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இந்தப் பேச்சு.

அமெரிக்காவில் இந்த இசைக்குப் பெரிய வீடாக இருந்தது கார்னர்ஸ்டோன் விழா. சிகாகோவில் கூட்டு வாழ்க்கை நடத்தும் 'ஜீசஸ் பீப்பிள் யுஎஸ்ஏ' சமூகத்தார் 1984இல் அதைத் தொடங்கினார்கள். முதலில் கிரேஸ்லேக் கண்காட்சித் திடலில் நடந்தது. 1991 முதல் இல்லினாய் மாநிலத்தின் புஷ்நெல் ஊருக்கு அருகே ஒரு பண்ணை நிலத்தில் நடந்தது. 2012இல் நின்றுபோனது. அதற்கு அடுத்த ஆண்டு அதே மாநிலத்தின் அர்பானாவில் ஆடியோஃபீட் விழா தொடங்கியது.

கார்னர்ஸ்டோனில் பெரிய மேடைகள் பல இருந்தன. ஆனால் பங்க் மனசு துடித்தது கூடாரங்களுக்கு நடுவே இருந்த ஜெனரேட்டர் மேடைகளில்தான். நிகழ்ச்சி நிரலில் இடம் கிடைக்காத குழுக்கள் தங்கள் ஜெனரேட்டரையும் ஸ்பீக்கரையும் தாங்களே கொண்டுவந்து பாதையோரம் வாசித்தார்கள். தேர்வுக்குழு இல்லை, நுழைவுச்சீட்டு தனியாக இல்லை. நடந்து போகிறவர் நின்று கேட்டால் அவர்தான் சபை. அப்படி ஒரு மேடையை எப்படி நடத்துவது என்பதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விழாவின் விதிகளைப் படிக்காமல் வண்டியில் எதையும் ஏற்றாதீர்கள். தனி ஜெனரேட்டருக்கு அனுமதி இல்லாத விழாக்கள் உண்டு. இரவில் எத்தனை மணிக்குச் சத்தம் நிற்க வேண்டும் என்பதும் விழாவுக்கு விழா மாறும்.

மின்சாரத்துக்கு வருவோம். 2000 வாட் என்று எழுதியிருக்கும் சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் தொடர்ந்து தரக்கூடியது சுமார் 1600 வாட்தான். 2000 என்பது சில நொடித் தாக்குப்பிடிப்பு. அமெரிக்காவின் 120 வோல்ட்டில் 1600 வாட் என்றால் ஏறக்குறைய 13 ஆம்பியர். இப்போது கணக்குப் போடுங்கள். 100 வாட் வால்வு கிட்டார் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) பிளக் வழியே இழுப்பது 100 வாட் அல்ல, 300 வாட் அளவுக்குப் போகும். அப்படி இரண்டு ஆம்ப். பேஸ் கிட்டார் ஆம்புக்கு 250, உள்ளேயே ஆம்ப் உள்ள பவர்டு ஸ்பீக்கர் இரண்டுக்கும் சேர்த்து 300, ஒலிகளைக் கலக்கும் மிக்சருக்கு 50 என்று வையுங்கள். 1200 வந்துவிட்டது. மிச்சமிருக்கும் 400 வாட், பாஸ் டிரம்மும் பேஸும் ஒன்றாக அடிக்கும் நொடிகளுக்கானது. அதை வேறு எதற்கும் தொடக் கூடாது. ஆனால் என்ன நடக்கும்? யாரோ ஒரு நண்பர் நல்லெண்ணத்தோடு காபி மெஷினைக் கொண்டுவந்து அதே ஜெனரேட்டரில் செருகுவார். அது ஒன்றே 900 வாட். பாட்டின் நடுவில் எல்லாம் செத்துவிடும். ஆகவே காபிக்கும் போன் சார்ஜுக்கும் வேறு வழி பார்த்துவிட்டு, ஜெனரேட்டர் பக்கத்தில் ஒருவரை நிறுத்துங்கள். அவர் வாசிக்காத நண்பராக இருக்கட்டும். குழுவில் அவரைவிட முக்கியமான ஆள் கிடையாது.

ஜெனரேட்டரை மேடையிலிருந்து 50 அடியாவது தள்ளி, காற்று போகும் திசையில் வையுங்கள். மழை வந்தாலும் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவரைக் கொன்றுவிடும். 50 அடிக்கு 14 கேஜ் வயர் போதும். 100 அடி என்றால் 12 கேஜ் வேண்டும். எண் குறையக் குறைய வயர் தடிமன் என்பதை நினைவில் வையுங்கள். மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கும், டிஜிட்டல் மிக்சர் தானாக அணைந்து மறுபடி எழும். வயரைச் சுருளாகவே விட்டால் சூடேறி உருகும். முழுதும் பிரித்துப் போடுங்கள். பெட்ரோல் ஊற்றும் முன் இன்ஜினை அணைத்து, கால் மணி நேரம் ஆறவிடுங்கள். ஒரு கேலன் டாங்க் முழுச் சுமையில் மூன்று மணி நேரத்தைத் தாண்டினாலே அதிகம். அதனால் ஒரு குழு இறங்கி அடுத்தது ஏறும் இடைவெளியில் ஊற்றுவதே முறை.

இனி, உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. ஆம்பில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் பிளக்கின் மூன்றாவது முள்ளை, எர்த் முள்ளை, உடைத்துவிடு என்று யோசனை சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள். ஒரு கை கிட்டார் தந்தியில், உதடு மைக்கில் என்று நிற்கும் பாடகரின் உடம்பு வழியாக மின்சாரம் பாயும். இரைச்சலைக் குறைக்க எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்திலிருந்து வரும் மின்சாரத்தில் இணையுங்கள். கிட்டாரை மிக்சரோடு இணைக்கும் சிறு பெட்டியான டிஐ பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கும், பாதுகாப்பு எர்த் அப்படியே இருக்கும்.

ஜூலை மாத இல்லினாய் வெயிலும் புழுக்கமும் கிட்டாரைப் பாடாய்ப்படுத்தும். வெயில் பட்டால் தந்தி தளர்ந்து சுருதி இறங்கும். மூடிய வண்டிக்குள் வைத்தாலோ பசையே இளகும். வாசிப்பதற்கு 20 நிமிடம் முன்பே பெட்டியிலிருந்து வெளியே எடுத்து நிழலில் வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேருங்கள். புதுத் தந்தியை முந்தின நாளே போட்டு இழுத்துப் பழக்குங்கள். மாற்றுக் கிட்டார் ஒன்று இருந்தால், மேடையில் தந்தி மாற்றும் ஐந்து நிமிடம் மிச்சம். டிரம் செட்டைக் குழுக்கள் பகிர்ந்துகொள்வது இங்கே வழக்கம். ஆனால் ஸ்னேர் (சிறு டிரம்), சிம்பல் (உலோகத் தட்டு), கிக் பெடல் (பாஸ் டிரம்மை அடிக்கும் மிதி) மூன்றையும் அவரவர்தான் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் உடைவது அவைதான். டிரம்முக்கு அடியில் ஒரு கம்பளம் இல்லையென்றால் மூன்றாவது பாட்டுக்குள் பாஸ் டிரம் முன்னால் ஓடிவிடும்.

பாடகர்களே, மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது பார்க்க வீரமாக இருக்கலாம். ஆனால் முன்னால் வரும் ஒலியை மட்டும் பிடிக்கும்படி செய்த மைக், பொத்தியவுடன் எல்லாத் திசையிலிருந்தும் பிடிக்கத் தொடங்கும். உடனே மானிட்டர், அதாவது பாடகரை நோக்கி வைத்திருக்கும் ஸ்பீக்கர், வீறிடும். கழுத்துப் பகுதியைப் பிடியுங்கள்.

உங்களுக்குக் கிடைப்பது 25 நிமிடம் என்றால், இரண்டு நிமிடப் பாட்டுகள் ஒன்பது, அதாவது 18 நிமிடம். சுருதிக்கும் தண்ணீருக்கும் மூன்று நிமிடம். சாட்சி (உங்கள் விசுவாச அனுபவம்) சொல்ல இரண்டு நிமிடம். மீதி இரண்டு, ஏதாவது கெட்டுப்போனால் சரிசெய்ய. சாட்சியை எழுதி, கடிகாரம் வைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அந்த நேரத்தில் யாரும் தந்தியை மீட்டக் கூடாது. காலால் மிதிக்கும் டியூனர் பெடல் (சுருதி பார்க்கும் கருவி) கிட்டார் சத்தத்தை அடைத்துவிடும், அதற்காகத்தான் அது. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு குழு ஆவியில் நிறைந்து பத்து நிமிடம் கூடுதலாகப் பேசினால், அந்தப் பத்து நிமிடம் அடுத்த குழுவிடமிருந்து எடுத்தது. பல நூறு மைல் வண்டி ஓட்டிவந்த பிள்ளைகள் அங்கே கிட்டாரோடு காத்திருப்பார்கள். அயலானை நேசிக்கச் சொல்லும் பாட்டைப் பாடிவிட்டு அதைச் செய்யலாமா?

கூட்டத்துக்குள் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். மேடை முன்னால் ஒருவரையொருவர் மோதி ஆடும் மாஷ் பிட்டுக்குள் போகும்போது ஆணி வைத்த கைப்பட்டையையும் கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள், ஷூ லேசை இறுக்கிக் கட்டுங்கள். ஒருவர் விழுந்தால் சுற்றி இருக்கும் நான்கு பேரும் நின்று தூக்க வேண்டும். குடும்பங்கள் வரும் விழா என்பதால் ஓரத்தில் குழந்தைகள் நிற்பார்கள். அந்தப் பக்கம் தோளைக் கொடுத்துத் தடுத்து நிற்க இரண்டு பேர் வேண்டும். குழுவுக்குள்ளும் ஒரு கைச்சைகை முன்கூட்டியே பேசிவைத்திருங்கள். அதைக் கண்டதும் டிரம்மர் நிறுத்த வேண்டும். டிரம் நின்றால்தான் கூட்டம் நிற்கும்.

காதைப் பற்றி: 85 டெசிபலில் எட்டு மணி நேரம்வரை இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். அந்த அளவை ஒரு பங்க் மேடை எளிதில் தொட்டுவிடும். நாள் முழுக்கக் கேட்கப்போகிறவர் காதடைப்பான் இல்லாமல் போகவே கூடாது.

கடைசிப் பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கரை முதலில் அணையுங்கள், பிறகு மிக்சர். மாற்றிச் செய்தால் 'டம்' என்ற அதிர்ச்சி ஸ்பீக்கரைக் கெடுக்கும். உங்கள் சிம்பல்களை ஸ்டாண்டோடு அப்படியே தூக்கிப் பின்னால் கொண்டுபோய் அங்கே கழற்றுங்கள். கேபிளை முழங்கையில் சுற்றாமல், ஒரு சுற்று மேலாக, ஒரு சுற்று கீழாகச் சுருட்டுங்கள். உள்ளே இருக்கும் கம்பி முறுக்கிக்கொள்ளாது. இதற்கெல்லாம் எட்டு நிமிடம் போதும். பிறகு அடுத்த குழுவின் ஆம்பைத் தூக்க ஆள் தேவைப்படும்.