எரிந்த தீவும் சாங்கிச் சிறையின் ரொட்டி அடுப்பும்

[காட்சி: கடலில், தூரத்தில் ஒரு பச்சைத் தீவு]

சிங்கப்பூரின் தெற்குக் கடலில் இருக்கும் இந்தத் தீவின் பெயர் புலாவ் செனாங். மலாயில் செனாங் என்றால் நிம்மதி, சுகம். இன்று அது ராணுவம் சுட்டுப் பழகும் இடம், நாம் அங்கே போக முடியாது. 1960இல் போனவர்கள் கைதிகள். பெரும்பாலும் ரகசியக் கும்பல்களைச் சேர்ந்தவர்கள், விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டவர்கள். மதில் கிடையாது. காட்டை வெட்டினார்கள், சாலை போட்டார்கள், தங்கள் வசிப்பிடத்தைத் தாங்களே கட்டினார்கள். உடம்பு வளைந்தால் மனமும் வளையும் என்பது அன்றைய கணக்கு.

1963 ஜூலை 12ஆம் தேதி அந்தக் கணக்கு பொய்த்தது. படகுத்துறையில் கூடுதல் நேரம் வேலை செய்ய மறுத்த தச்சர்கள் சிலர் சாங்கிச் சிறைக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். மற்றவர்கள் கலகத்தில் இறங்கி, தங்கள் கையால் கட்டியதைத் தாங்களே கொளுத்தினார்கள். கண்காணிப்பாளர் டேனியல் டட்டன் கொல்லப்பட்டார். அதற்காக 1965இல் 18 பேர் தூக்கில் போடப்பட்டார்கள்.

சிறையில் வேலை கொடுத்தால் ஆள் திருந்திவிடுவான் என்று யாராவது எளிதாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தத் தீவுதான் நினைவுக்கு வருகிறது. வேலை அங்கே ஏராளமாக இருந்தது. ஆனால் அது யாருடைய வேலை?

[காட்சி: மாவு பிசையும் கைகள், முகம் தெரியவில்லை]

1976இல், கைதிகளுக்கு வேலையும் தொழிற்பயிற்சியும் தரும் ஸ்கோர் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. 2020 முதல் அதன் பெயர் மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூர். சாங்கிச் சிறை வளாகத்தில் ரொட்டி சுடுவது, துணி வெளுப்பது, சமைப்பது எல்லாம் இதன் பொறுப்பில் நடந்துவருகின்றன. புலாவ் செனாங்கில் போட்ட சாலை அந்தத் தீவோடு முடிந்தது. மாவு புளிக்கும் பக்குவத்தைக் கற்றவனோ அதை விடுதலைக்குப் பிறகு எந்தக் கடையிலும் விலை பேசலாம். படிப்பும் அப்படித்தான். 2000இல் காக்கி புக்கிட்டில் தொடங்கிய சிறைப்பள்ளி பிறகு தானா மேராவுக்கு இடம் மாறியது. வெளியே நம் பிள்ளைகள் எழுதும் அதே சாதாரண நிலை, மேல்நிலைத் தேர்வுகளைத்தான் அங்கே கைதிகளும் எழுதுகிறார்கள்.

பலன் உண்டா? 1998இல் விடுதலையானவர்களில் 44 சதவீதத்தினர் இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் உள்ளே போனார்கள். அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். பயிற்சி மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். விடுதலைக்குப் பிந்திய கண்காணிப்பு, சிறையிலிருந்து வெளியே வருவோர் வீடு திரும்புமுன் தங்கும் இடைவழி இல்லங்கள், தொண்டூழியர்கள் என்று பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் இது. நம் சமூகத்துக்கென்று இந்து அறக்கட்டளை வாரியம் ஆசிரமம் என்ற இடைவழி இல்லத்தை நடத்திவருகிறது.

சட்டமும் கொஞ்சம் இறங்கிவந்தது. குற்றவாளிகள் பதிவுச் சட்டத்தின் 2005 திருத்தத்தின்படி, சிறு குற்றத்துக்காக மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவர் ஐந்து ஆண்டுகள் ஒழுங்காக இருந்தால், அந்தக் குற்றப் பதிவு காலாவதியானதாகக் கருதப்படும். பல ஆண்டுகள் உள்ளே இருந்தவருக்கு இந்தக் கதவு சுலபத்தில் திறப்பதில்லை.

[காட்சி: புளோக்கின் கீழ்த்தளம், மாலை]

கடினமான இடம் வீடுதான். “மூத்தவன் எங்கே, கண்ணிலேயே படவில்லையே?” என்று கோயிலில் யாராவது கேட்டால், “ஜோகூரில் வேலை, அக்கா” என்று சொல்லும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. வருடக்கணக்கில் ஒரே பொய்யைத் தவறாமல் சொல்வது சாதாரண உழைப்பல்ல. முன்னாள் கைதிகளுக்கு இன்னொரு வாய்ப்புக் கேட்கும் மஞ்சள் ரிப்பன் இயக்கம் 2004இல் தொடங்கியபோது அது பேசியது இந்தக் கேட்பவர்களிடம்தான், அதாவது நம்மிடம்.

[காட்சி: பஸ்ஸின் பின்னிருக்கை]

தண்டனையின் கடைசிப் பகுதியைச் சிலர் வீட்டிலிருந்தே கழிக்கிறார்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டுக் குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும். கணுக்காலில் மின்னணுப் பட்டை இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்தால் கால்சட்டை சற்று மேலேறும். பக்கத்தில் யாராவது வந்து அமர்வதற்குள் அவர் குனிந்து அதைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறார்.