மதகு இல்லாத வாய்க்கால்

(காட்சி: கடைமடை வாய்க்கால். பாதி இறக்கிய மதகுப் பலகை.)

பச்சைக் குழந்தைக்கு ஆபரேஷன் நேரத்துல மூச்சு கொடுக்கிற ஒரு குழாயோட கதை இது. அதுக்கு இந்தப் பலகையைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்குங்க. ஆத்துல வெள்ளம் வந்தா இதைத் தூக்கி எறிஞ்சிட்டுப் போகும். ஆனா கடைமடைக்குக் கசிஞ்சு வர்ற தண்ணி? பலகைக்கு முன்னாடியே தேங்கி நின்னுடும்.

பொறந்த குழந்தையோட மூச்சும் கடைமடைத் தண்ணிதான். ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 20 மில்லி. ஒண்ணு ரெண்டு பாலாடைப் பால் அளவு. 1930-கள்ல இருந்த மயக்க மருந்துக் கருவிகள் பெரியவங்களுக்குன்னு செஞ்சது. நடுவுல வால்வு இருக்கும். அதைத் திறக்கிறதுக்கே பச்சைக் குழந்தைக்குத் தெம்பு போயிடும்.

(காட்சி: குழாயின் படம்.)

இங்கிலாந்துல நியூகாசில் டாக்டர் பிலிப் அய்ர், 1937-ல அந்த வால்வையே தூக்கிப் போட்டார். டி எழுத்து மாதிரி ஒரு குழாய். ஒரு முனை குழந்தை பக்கம், எதிர்முனை வெளிக்காத்துக்கு, பக்கவாட்டுல மயக்க வாயு. மதகே கிடையாது. உதட்டுப்பிளவு ஆபரேஷன் பண்ற குழந்தைகளுக்காக இதைப் பத்தி எழுதினார். அவரே உதட்டுப்பிளவோட பொறந்தவர். (நம்ம ஊர்ல இன்னமும் கிரகணத்து மேல பழி போடுறோம். எங்க அத்தையைக் கிரகணம் விடுற வரைக்கும் அறையை விட்டு வெளிய விடலையாம். கிரகணத்துக்கும் உதட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க.)

இப்பதான் நம்ம ஆள் வர்றார். மயக்க மருந்து டாக்டர் கார்டன் ஜாக்சன் ரீஸ். 1918-ல பொறந்தவர், லிவர்பூல்ல ஆல்டர் ஹே குழந்தைகள் ஆஸ்பத்திரியில வேலை பாத்தவர். 1950-ல பச்சைக் குழந்தைகளோட மயக்கத்தைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். அய்ரோட குழாய்ல வெளிக்காத்துக்கு இருந்த முனையில, அடிப்பக்கம் திறந்த ஒரு ரப்பர் பையை மாட்டினார். அவ்வளவுதான் மாற்றம்.

ஆனா அந்தப் பைதான் விஷயமே. அதுக்கு முன்னாடி குழந்தை அசையாம கிடக்கணும்னா ஈதர்ங்கிற மயக்க மருந்தைக் கூடக் கூடக் கொடுக்கணும். ரீஸ் தசையைத் தளர்த்தற மருந்து கொடுத்தார்; மயக்கம் லேசாப் போதும். தளர்ந்த குழந்தை தானா மூச்சு விடாதே? பையை அமுக்கி, அவர் கையே மூச்சு விட்டுச்சு.

(காட்சி: பையைப் பிடித்த கை. சுண்டுவிரல் பையின் திறந்த வாலைப் பாதி மூடியிருக்கிறது.)

தஞ்சாவூர்ப் பக்கம் ஆபரேஷன் தியேட்டர்ல "ஜேஆர் எடுங்க"ன்னு (ஜாக்சன் ரீஸோட சுருக்கம்) கேட்டா, இதைத்தான் எடுத்துத் தருவாங்க. ரீஸ் 2001-ல காலமானார். குழாய்ல சளி அடைச்சா, பை விறைக்கிறது இன்னைக்கும் மானிட்டர் கத்துறதுக்கு முன்னாடியே பல சமயம் கைக்குத் தெரிஞ்சிடும்.