முதலில் காது, அப்புறம் கேமரா

நேயர்களுக்கு வணக்கம்.

சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு விடிகாலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் நீர்க்காகத்தையும் கொக்கையும்தான் தேடுகிறார்கள். தப்பில்லை. பெரிய பறவை, ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், படமும் சுலபமாக வந்துவிடும். நான் பேச வந்தது கரையோரக் கோரைக்குள் இருக்கும் சின்னக் குருவிகளைப் பற்றி.

இவற்றைக் கண்ணால் தேடினால் கிடைக்காது. கரையில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கேஸ் அடுப்பு லைட்டரை விட்டு விட்டு அழுத்துவதுபோல 'டிக் டிக்' என்று கேட்டால், சாம்பல் கதிர்க்குருவி ஒன்று புதருக்குப் புதர் பறக்கிறது என்று அர்த்தம். அது தொண்டைக் குரல் இல்லை, பறக்கும்போது எழும் சத்தம். வாலோடு சேர்த்தே 13 சென்டிமீட்டர்தான். கோரை நுனியில் வந்து உட்கார்ந்து, வாலை நிமிர்த்தி, தன் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத குரலில் கத்தும். அந்த நுனிக்கு அது திரும்பத் திரும்ப வரும். அதனால் குருவியைத் துரத்தாமல் நுனியைக் குறிவைத்துக் காத்திருங்கள். ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு நொடிக்குக் குறைய வேண்டாம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

குளிர்காலத்தில் வலசை வரும் நாணல் கதிர்க்குருவி வேறு ரகம். உள்ளேயிருந்து 'சக் சக்' என்னும், வெளியே வராது. இத்தனை வருடத்தில் உருப்படியாக ஒரே ஒரு படம்தான் எனக்குக் கிடைத்திருக்கிறது, அதிலும் பாதி வால் இல்லை!

தூக்கணாங்குருவி அப்படியில்லை, கூச்சமே கிடையாது. ஆண் குருவி கூட்டைப் பாதிவரை, ஹெல்மெட் கவிழ்த்த மாதிரி பின்னிவிட்டு, அதில் தொங்கிச் சிறகடித்துப் பெட்டையைக் கூப்பிடும். அது வந்து பார்த்துப் பிடித்திருந்தால்தான் கீழே நீளும் குழல் வேலை நடக்கும். பெண் பார்க்கும் படலம் இங்கே தலைகீழ்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஒருமுறை, கதிர்க்குருவிக் கூட்டை மறைத்த இலையைப் படத்துக்காக ஒதுக்கினேன். மறுநாள் போனால் கூடு காலி. காகம் பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து கூட்டுப் பக்கமே போவதில்லை. செல்போனில் குருவியின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் கிடையாது; போட்டிக்கு வேறொரு குருவி வந்துவிட்டதென்று அது பாவம், இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வெண்புருவ வாலாட்டியில் ஆரம்பிக்கலாம். கரைமேலேயே நடக்கும், நன்றாகப் பாடும், ஆண்டு முழுக்க இங்கேயே இருக்கும். தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு எடுங்கள். சட்டை அழுக்காகும், பழையதாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.