பந்தியில் இலை: தொலைக்காட்சி விவாதமும் சிறிய கட்சிகளும் (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். சிங்கப்பூரில் பல வேட்பாளர்கள் ஒரே அணியாக நிற்கும் குழுத்தொகுதி முறையைப் பற்றிப் போன முறை பேசியதற்குப் பிறகு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இன்று பதில் சொல்ல முடியாது. ஒரே ஒரு கேள்வி மட்டும் நான்கு நாளாக என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறது. தெம்பனிசிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அதைப் படிக்கிறேன்.

"ஐயா, 2020 தேர்தல் சமயத்தில் தொலைக்காட்சி விவாதத்தை என் மாமியாரோடு உட்கார்ந்து பார்த்தேன். சிறிய கட்சி என்றாலே 'அவர்களுக்கு என்ன தெரியும்' என்று சொல்கிறவர் அவர். பாதி விவாதத்தில் 'இந்தத் தம்பி யாரம்மா?' என்று கேட்டார். ஆனால் ஓட்டுப் போடப் போன நாளில் அந்தத் தம்பியின் பெயரும் அவருக்கு நினைவில்லை, கட்சியும் நினைவில்லை. இந்த விவாதங்கள் சிறிய கட்சிகளைப் பற்றிய நம் எண்ணத்தை உண்மையிலேயே மாற்றுகின்றனவா, இரண்டு நாள் பேச்சோடு முடிந்துவிடுகின்றனவா?"

சகோதரி, எவ்வளவு நல்ல கேள்வி! உங்கள் மாமியார் பெயரை மறந்துவிட்டதை நினைத்து நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். எனக்கோ அவர் "யாரம்மா" என்று கேட்டதுதான் பெரிதாகத் தெரிகிறது. "அவர்களுக்கு என்ன தெரியும்" என்ற இடத்திலிருந்து "இவர் யார்" என்ற இடத்துக்கு ஒரு மனிதர் நகர்வது சின்னத் தூரம் இல்லை. எழுபது வயதுக்கு மேல் அது இன்னும் தூரம்.

நம் நிகழ்ச்சியைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு என் பந்திக் கதை தெரியும். மறுபடியும் சொல்கிறேன். கல்யாண வீட்டுக்கு முன்பின் தெரியாத ஒருவர் வருகிறார். வாசலில் நிற்கும்வரை அவர் யாரோ. உள்ளே அழைத்து, பந்தியில் உட்கார வைத்து, இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டால் அந்த நொடியிலிருந்து அவர் விருந்தாளி. பரிமாறுகிறவர் அவர் இலையைத் தாண்டிப் போக முடியாது. பக்கத்து இலைக்காரர் "எந்த ஊர் நீங்கள்?" என்று கேட்டாக வேண்டும். தொலைக்காட்சி விவாதம் சிறிய கட்சிக்கு இலை போடுகிறது. அமைச்சருக்கும் புதியவருக்கும் ஒரே மேடை, ஒரே நெறியாளர், ஒரே கேள்வி. அவர் என்ன பேசுகிறார் என்பதற்கு முன்பே, அவர் அங்கே இருப்பதே நமக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறது.

2020 ஜூலை 1-ஆம் தேதி ராத்திரியை நினைத்துப் பாருங்கள். கொவிட் காலம். பிரசாரக் கூட்டங்கள் கிடையாது. திடலில் குடை பிடித்துக்கொண்டு நின்று கேட்கிற வழக்கம் அந்த முறை இல்லாமல் போனது. 11 கட்சிகள் போட்டியிட்டன. ஒளிவழி 5-இன் ஆங்கில விவாதத்தில் நான்கு கட்சிகள் உட்கார்ந்தன: ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு அமைச்சர் டாக்டர் விவியன் பாலகிருஷ்ணன், பாட்டாளிக் கட்சிக்கு ஜேமஸ் லிம், சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சிக்கு டாக்டர் சீ சூன் ஜுவான், சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சிக்கு ஃபிரான்சிஸ் யுவென்.

எங்கள் வீட்டில் என் அக்காவும் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் புரியாது. மடியில் முருங்கைக்கீரை, கீழே விரித்த தமிழ் முரசு. நான் ஒரு வாக்கியத்தை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அங்கே மூன்று வாக்கியம் ஓடிவிடும். ஆளுங்கட்சிதான் பெரும்பான்மை பெறும், நாங்கள் தர மறுப்பது வெற்றுக் காசோலையை மட்டும்தான் என்ற பொருளில் ஜேமஸ் லிம் பேசியபோது அக்காவின் கை உருவுவதை நிறுத்திவிட்டது. காசோலை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும், விவாதத்தின் மற்ற எதையும் நான் சரியாகச் சொல்லவில்லை. அக்கா சொன்னது இதுதான்: "கோபப்படாமல் பேசுகிறான் பார்." அக்காவின் மனத்தில் எதிர்க்கட்சி என்றால் ஒலிபெருக்கியும் உரத்த குரலும். அந்தப் படம் அன்றைக்கு மாறியது. அதன் பிறகு அது பழையபடி திரும்பவே இல்லை.

அந்த விவாதத்தின் முடிவில் ஜேமஸ் லிம் பயன்படுத்திய ஆங்கிலத் தொடர், நெஞ்சின் ஆழம் கதகதப்பாகிறது என்கிற பொருளில் வந்தது, மறுநாள் எல்லார் கைப்பேசியிலும் இருந்தது.

பாட்டாளிக் கட்சி அந்தத் தேர்தலில் செங்காங் குழுத்தொகுதியை 52.1 விழுக்காட்டோடு வென்றது. விவாதம்தான் வெல்ல வைத்தது என்று பலர் சொல்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். செங்காங்கோடு சேர்ந்த பொங்கோல் ஈஸ்ட்டில் அந்தக் கட்சி 2013 இடைத்தேர்தலிலேயே வென்றிருந்தது. 2015-இல் இழந்த பிறகும் கதவு கதவாகத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அதே விவாதத்தில் உட்கார்ந்த முன்னேற்றக் கட்சியைப் பாருங்கள். அவர்கள் மிக நெருங்கி வந்தது வெஸ்ட் கோஸ்ட்டில், 48.3 விழுக்காடு. அங்கே நின்றவர் டாக்டர் டான் செங் போக். ஆயர் ராஜாவில் 1980 முதல் 2006 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், மேடையில் பேசியவர் அவர் இல்லை. இலை போட்டாயிற்று, சோறு யார் போடுவது? சோறு தொகுதியில்தான் வேக வேண்டும்.

நியூசிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள், எனக்கு மிகவும் பிடித்த கதை. 2002 தேர்தலில் தலைவர்கள் விவாதம் ஓடும்போதே, இன்னும் முடிவெடுக்காத வாக்காளர்கள் சிலரை உட்கார வைத்து, பிடித்தால் ஏற்று, பிடிக்காவிட்டால் இறக்கு என்று ஒரு கருவியைக் கையில் கொடுத்திருந்தார்கள். அவர்கள் மனம் போகிற போக்கு திரையில் ஒரு கோடாக நெளிந்தது. அதற்குப் புழு என்றே பெயர். பெரிய தலைவர்கள் மோதிக்கொண்டிருந்தபோது பீட்டர் டன் என்பவர் நிதானமாக, வீட்டுப் பெரியவர் மாதிரிப் பேசினார். அவர் வாய் திறந்தாலே புழு மேலே ஏறியது. கருத்துக்கணிப்பில் ஒரு விழுக்காட்டைச் சுற்றிக் கிடந்த அவருடைய ஐக்கிய எதிர்காலக் கட்சி, சில நாள் கழித்து நடந்த தேர்தலில் 6.69 விழுக்காடு வாங்கி எட்டு இடங்களைப் பிடித்தது. அங்கே கட்சிக்கு விழும் வாக்கு விழுக்காட்டின்படி இடம் கிடைக்கும், அதனால் எண்ணம் மாறியது அப்படியே இடமாக மாறியது. ஆனால் 2005-இல் மூன்று இடம், 2008-இல் ஒன்று. ஒரு ராத்திரியில் வந்த நல்லெண்ணத்தைக் கட்சி கட்டிக் காப்பாற்றவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

பிரிட்டனில் வேறு கதை. 2010-இல் அங்கே முதன்முறையாகத் தலைவர்கள் விவாதம். மூன்றாவது கட்சியான லிபரல் ஜனநாயகக் கட்சியின் நிக் கிளெக்கை நாடே திரும்பிப் பார்த்தது. சில கருத்துக்கணிப்புகளில் அவர் கட்சி 30 விழுக்காட்டைத் தாண்டியது. ஓட்டை எண்ணியபோது 23 விழுக்காடு, ஐந்து ஆண்டுக்கு முன் வாங்கியதைவிட ஒரு விழுக்காடுதான் கூடுதல். இடங்களோ 62-இலிருந்து 57-ஆகக் குறைந்தன. தொகுதிக்குத் தொகுதி முதலில் வந்தவனுக்கே எல்லாம் என்கிற முறை. நம் முறையும் அந்த வகைதான்.

இப்போது சகோதரி, உங்கள் தெம்பனிசுக்கு வருகிறேன். இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். 2020-இல் தெம்பனிஸ் குழுத்தொகுதியில் மக்கள் செயல் கட்சியை எதிர்த்து நின்றது தேசிய ஒருமைப்பாட்டுக் கட்சி. அந்தக் கட்சி ஒளிவழி 5 விவாதத்தில் இல்லை. உங்கள் மாமியாருக்குப் பிடித்த தம்பி எந்தக் கட்சியாக இருந்தாலும், எதிர்த்தரப்பில் பேசிய மூவரில் ஒருவர் என்றால் அவருடைய சின்னம் உங்கள் வாக்குச்சீட்டில் இருந்திருக்காது. பிறகு எப்படிப் பெயர் நினைவில் நிற்கும்? அன்று அந்த ஒருமைப்பாட்டுக் கட்சி மூன்றில் ஒரு பங்கு ஓட்டு வாங்கியது. 2025-இல் பாட்டாளிக் கட்சி தெம்பனிசுக்குள் நுழைந்தது. நான்குமுனைப் போட்டி. பாட்டாளிக் கட்சிக்கு 47.37 விழுக்காடு. ஒருமைப்பாட்டுக் கட்சிக்கு ஒரு விழுக்காடு கூட இல்லை, 0.18. அதே ஊர், அதே புளோக்குகள். இதற்கு விவாதம் ஒன்றே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கட்சியை மக்கள் விருந்தாளியாகப் பார்க்கிறார்களா, வாசலில் நிற்கிறவராகப் பார்க்கிறார்களா என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று இந்த எண்ணைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. இலை கிடைத்தும் தப்பாதவர்கள் உண்டு. 2025 தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் முன்னேற்றக் கட்சிக்கு இடம் இருந்தது, வெஸ்ட் கோஸ்ட்-ஜூரோங் வெஸ்ட்டில் 40 விழுக்காட்டோடு நின்றுவிட்டது, நெருங்கித் தோற்ற எதிர்க்கட்சியினருக்கு நாடாளுமன்றத்தில் தரப்படும் தொகுதியில்லா உறுப்பினர் இடங்கள் அதற்கு இருந்தன, அவையும் போயின.

அதனால் என்னிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. இலையை யார் போடுகிறார்கள்? அமெரிக்காவில் 2000 முதல் அதிபர் விவாதங்களுக்குக் கருத்துக்கணிப்பில் 15 விழுக்காடு வேண்டும் என்று வைத்தார்கள். மேடை ஏறினால்தான் 15 வரும், 15 இருந்தால்தான் மேடை ஏறலாம். நீச்சல் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்று சொல்வது போல. முன்பு சொன்ன பீட்டர் டன்னை 2005-இல் ஒரு தொலைக்காட்சி நிலையம் விவாதத்துக்கு அழைக்கவில்லை. அவர் இன்னொரு சிறிய கட்சித் தலைவரோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் இடம் கொடுக்கச் சொன்னது, போய் உட்கார்ந்தார். ஓட்டு குறைந்துதான் போனது, ஆனாலும் அந்த வழக்கை நான் மதிக்கிறேன்.

நம் ஊரில் அரசியல் கட்சி ஒலிபரப்புக்குக் குறைந்தது ஆறு வேட்பாளர்கள் வேண்டும், எத்தனை பேரை நிறுத்துகிறார்களோ அதற்கேற்ப நேரம். அது நான்கு மொழியிலும் உண்டு, தமிழிலும் கேட்கிறோம். அதில் எழுதி வைத்ததை வாசிக்கிறார்கள், குறுக்கே கேள்வி கேட்க யாரும் இல்லை. 2020 ஜூலை 1-இன் நேரடி விவாதம் ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் நடந்தது. என் அக்கா போன்றவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இந்தத் தீவில் இருக்கிறார்கள்! "கோபப்படாமல் பேசுகிறான்" என்பதோடு அவர்கள் நிற்க வேண்டியதில்லை. அவன் சொன்னது சரியா தவறா, அமைச்சர் சொன்ன பதில் போதுமா என்று எடை போடும் அறிவு அவர்களுக்கு உண்டு. ஒவ்வொரு தேர்தலிலும் தமிழில் ஒரு நேரடி விவாதம், எதிரெதிரே உட்கார்ந்து, கேள்வி கேட்டு. இதை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

சகோதரி, உங்கள் மாமியாரிடம் ஒன்று விசாரித்து எழுதுங்கள். 2020-க்கு முன்னால் ஒரு சிறிய கட்சிக்காரர் வந்து கதவைத் தட்டியிருந்தால் திறந்திருப்பாரா? இப்போது தட்டினால் திறப்பாரா? அவர் சொல்வதைப் பெயர் குறிப்பிடாமல் அடுத்த நிகழ்ச்சியில் படிக்கிறேன்.